அக்காவுக்கு வைத்த ஈரல்

ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி. அதன் அடியில், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு ஒட்டிக்கொண்டிருந்த வெள்ளைப் பொடி. எங்கள் ஆய்வுகூடத்தை நடத்தும் சேர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டியபோது, "இதுக்காடி கொழும்பு வரைக்கும் ஆள் போயி ஐஸ் பெட்டியில தூக்கிட்டு வந்தாங்க?" என்று என் காதில் கிசுகிசுத்தாள் அவள். நான் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினேன். அன்றைக்கு அப்படிச் சிரித்ததை நினைத்தால் இப்போது வயிறு எரிகிறது.

அவள் யார் என்று சொல்லிவிடுகிறேன். மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், ஒரே லயத்து வரிசை வீடுகளில், ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். அவர்கள் வீட்டில் கருவாடு பொரித்தால் எங்கள் வீட்டில் சோறு கூடுதலாக இறங்கும். ஒரே பள்ளிக்கூடம், ஒரே பஸ், பிறகு பதுளையில் ஒரே ஆய்வுகூடத்தில் உதவியாளர் வேலை. தங்கிய அறையும் ஒன்றுதான். பஜாரில் கடை வைத்திருந்த ஒரு குடும்பத்தின் வீட்டு மாடி அது. கடைக்கார அம்மா சுத்த சைவம். முட்டை ஓடு ஒன்று குப்பையில் கிடந்தாலும், "மேல யாரு கோழி வளக்குறீங்க?" என்று கீழேயிருந்து குரல் வரும். அந்த வீட்டுக்குள் இறைச்சி என்ற பேச்சையே எடுக்க முடியாது. எல்லாம் அதிலிருந்துதான் ஆரம்பித்தது.

அந்தப் பொடி ஒரு மனிதப் புரதம். ஆனால் மனிதரிடமிருந்து எடுத்ததல்ல. அந்தப் புரதத்துக்குரிய மரபணுவை ஒரு கிருமிக்குள் வைத்து, கிருமியைக் கொண்டே செய்ய வைத்து, பிரித்தெடுத்துச் சுத்தம் பண்ணி, காயவைத்து அனுப்புகிறார்கள். பெயரைச் சொன்னால் உங்கள் வாயில் நுழையாது, விடுங்கள். ஆய்வுக்கு மட்டும், மனிதருக்குக் கொடுக்கக் கூடாது என்று குப்பியில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். உடம்பில் இரும்புச்சத்து குறைந்தால் இந்தப் புரதமும் ரத்தத்தில் குறையும். கொழுந்து எடுக்கும் பெண்களின் ரத்தத்தில் அது எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதுதான் சேரின் ஆராய்ச்சி. பார்ப்பதற்கு ஒரு படிக்கல் வேண்டுமில்லையா? அந்தப் படிக்கல்தான் இந்தப் பொடி. குழி குழியான ஒரு தட்டில், அளவு தெரிந்த இந்தப் புரதத்தை ஒரு பக்கக் குழிகளிலும் பெண்களின் ரத்தத்தை மறுபக்கக் குழிகளிலும் வைத்து, நிறம் கொடுக்கிற மருந்தை ஊற்றி, எது எவ்வளவு மஞ்சளாகிறது என்று ஒப்பிட வேண்டும். கடைக்காரனின் படிக்கல் தேய்ந்துபோனால் என்ன நடக்கும்? குறைந்த சாமானை நிறைந்த சாமானாகக் காட்டும். இதுவும் அப்படித்தான்.

பொடியைக் கரைத்து, சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து, ஒரு பெட்டியில் அடுக்கி ஃப்ரீசரில் வைத்தது நானும் அவளும். ஒரு குழாயை வெளியே எடுத்து உருக்கினால் அன்றைக்கே அதை முடித்துவிட வேண்டும். மறுபடி உறைய வைக்கவே கூடாது. சூட்டில் கிடந்தால் புரதம் கெட்டுப்போகும், ஆனால் பார்த்தால் தெரியாது, முன்னே இருந்த மாதிரியே தண்ணீராக இருக்கும். இதையெல்லாம் எனக்கு முன்னால் மனப்பாடம் செய்து சேரிடம் ஒப்புவித்தவள் அவள். தெரியாமல் நடந்துபோச்சு என்று மட்டும் அவளால் சொல்ல முடியாது.

எங்கள் இரண்டு பேரின் முகத்துக்காகத்தான் எங்கள் தோட்டத்துப் பெண்கள் ரத்தம் கொடுக்கச் சம்மதித்தார்கள். சும்மா சம்மதிக்கவில்லை. "ரத்தத்த உறிஞ்சிட்டுப் போறவங்க திரும்பி வந்து ஒரு வார்த்த சொன்னது கெடயாது. நல்லாருக்கா இல்லையான்னு சொல்லுவீங்களா?" என்று கேட்டார்கள். சேர் சரி என்றார். நாங்கள் சத்தியம் பண்ணாத குறை. முதல் ஆளாகக் கையை நீட்டியது என் அக்கா.

அக்கா என்னைவிட மூத்தவள், பக்கத்து லயத்திலேயே வாழ்க்கைப்பட்டவள். அம்மா போன பிறகு என்னைப் படிக்க வைத்தது அவள் எடுத்த கொழுந்துதான். கொஞ்ச காலமாகவே அவளுக்கு மலை ஏறினால் மூச்சு வாங்கியது. மற்றவர்கள் இரண்டு நிரை முடிக்கும்போது அவள் ஒன்றில் நிற்பாள். கொழுந்து எடை குறைந்து, பாதி நாள் அவளுக்கு அரைப்பேர்தான், அதாவது அரை நாள் கூலிதான் விழுந்தது. சேலைத் தலைப்பில் எப்போதும் ஒரு பிடி பச்சரிசி முடிந்து வைத்திருப்பாள். கறுக் கறுக் என்று தின்றுகொண்டே இருப்பாள். ரத்தம் குறைந்தவர்களுக்கு அப்படி ஓர் ஆசை வரும். "அரிசி தின்னா கல்யாண வீட்டுல மழ பெய்யும்டி" என்று அவளுடைய மாமியார் திட்டுவார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் இரும்பு மாத்திரை கொடுத்திருந்தார்கள். வயிறு புரட்டுகிறது என்று சொன்னாலும் தவறாமல் போட்டுக்கொண்டிருந்தாள்.

ரத்தம் எடுத்த அன்று அக்கா கேட்டாள், "என்னாத்த வெச்சுடி பாப்பீங்க?"

"மனுசப் புரதம் ஒண்ணு வந்திருக்கு. அத வெச்சு."

"யாரோடது?"

"யாரோடதும் இல்ல. கிருமிக்குள்ள செஞ்சது."

அக்கா வாயில் அரிசியோடு என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "யாரோடதும் இல்லாத ஒண்ணு எப்படி மனுசனோடதாகும்? போடி, ஒனக்குப் படிச்சுப் படிச்சு மூள கழண்டு போச்சு" என்றாள். பக்கத்தில் நின்ற அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அக்காவும் அவளும் சேர்ந்துவிட்டால் என்னைக் கலாய்ப்பதே வேலை.

பிறகு தீபாவளி வந்தது. நான் லீவு போட்டுவிட்டு இரண்டு நாள் முன்னதாகவே பசறை வழியாக வீட்டுக்கு வந்துவிட்டேன். அவள் பதுளையில் நின்றாள். அவளுடைய அண்ணன் அங்கே ஒரு கடையில் வேலை. அவனும் கூட்டாளிகளும் சேர்ந்து ஓர் ஆடு வாங்கி அறுத்துப் பங்கு போட்டிருந்தார்கள். தீபாவளிக்கு முதல் நாள் அவள் பெரிய சொப்பிங் பேக்கோடு மலைக்கு வந்து இறங்கினாள். பாதி இறைச்சி அவள் வீட்டுக்கு. ஈரல் முழுக்க அக்காவுக்கு. "ஆட்டு ஈரல் தின்னா ரத்தம் ஊறும்க்கா, ஒருத்தருக்கும் குடுக்காதீங்க" என்று சொல்லி அக்காவின் மடியிலேயே வைத்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூடப் பிறந்த நான்கூட இதை யோசிக்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது. மிளகு தட்டிப் போட்டு அக்கா பிரட்டினாள். கொடுக்காதீங்க என்று சொன்னவளே முதல் துண்டை எடுத்து எனக்கு ஊட்டினாள். நானும் தின்றேன்.

லீவு முடிந்து போய்ச் சோதனையை ஆரம்பித்தோம். படிக்கல் பக்கத்துக் குழிகள் நல்ல மஞ்சளாக வர வேண்டும். வெளிறிக் கிடந்தன. முன்பு பழகிப் பார்த்தபோது வந்த நிறத்தில் பாதிகூட இல்லை. எனக்குச் சந்தேகம் தட்டியது. அவளைப் பார்த்துக் கேட்டேன்.

"லீவுல கரண்டு போச்சா?"

"இல்லியே."

"பெட்டி வெளிய கிடந்துச்சா? யாரும் எடுத்தாங்களா?"

"யாருடி எடுக்கப் போறா?"

"ஒனக்குத் தெரியாம ஏதும் நடந்திருக்குமா?"

"மாரியாத்தா சத்தியமா ஒண்ணும் நடக்கல. ஏன் என்னைப் போட்டு இப்படித் துருவுற?" என்று முகத்தைச் சுருக்கினாள்.

எங்கள் தோட்டத்து மாரியம்மனைப் பொய்க்கு இழுக்கிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. அதனால் நம்பினேன். சேர் வந்து பார்த்தார். நிறம் கொடுக்கிற மருந்து பழசாகியிருக்கும், அப்படியானால் இரண்டு பக்கமும் ஒரே அளவில்தான் வெளிறும், கணக்குப் பிழைக்காது என்றார். அவர் சொன்னது அவருக்குத் தெரிந்தவரை சரிதான். அவள் குனிந்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அழுக்கே இல்லாத மேசை.

முடிவைச் சொல்ல ஒரு காலையில் தோட்டத்துக்குப் போனோம். விடிந்தும் விடியாமல், பெரட்டுக் களத்தில் பெண்கள் கூடையும் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்குமாக நின்றார்கள். யார் எந்த மலைக்கு என்று கங்காணி பிரித்துவிடுவதற்கு முன் எங்களுக்குக் கொஞ்ச நேரம் கொடுத்தார்கள். அவளுக்குக் கணீர் என்ற குரல். திருவிழாவில் மைக் பிடிக்கிறவளே அவள்தான். அதனால் சேர் அவளைத்தான் சொல்லச் சொன்னார். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, "ஒங்களுக்கு நல்லாருக்கு", "ஒங்களுக்குக் கொஞ்சம் கம்மி, மாத்திர போடுங்க" என்று சொன்னாள். பெரும்பாலும் நல்லாருக்கு. என் அக்காவைக் கூப்பிட்டு, சிரித்த முகத்தோடு, "அக்கா, ஒங்க ரத்தம் சூப்பர்!" என்றாள். எல்லாரும் கைதட்டினார்கள். நான் பக்கத்தில் பெருமையாக நின்றேன். நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்பார்களே, அதை இவ்வளவு சத்தமாக, இவ்வளவு பேர் முன்னால் செய்ய ஒரு தைரியம் வேண்டும்.

அன்றோடு அக்கா மாத்திரையை நிறுத்தினாள். நல்ல ரத்தம் இருக்கிறவள் ஏன் வயிற்றைப் புரட்டிக்கொள்ள வேண்டும்? ஆனால் மூச்சு வாங்குவது நிற்கவில்லை. இப்போது அதற்குப் பெயர் மட்டும் மாறிவிட்டது. மாமியார், "ரத்தந்தான் சூப்பர்னு சொல்லிட்டாங்களே, இன்னும் என்ன நோவு? உடம்பு வளையல" என்றார். கொழுந்து நிறுக்கும் இடத்தில் கங்காணியும் அதையே சொன்னார். அத்தான்கூட வாய்க்குள் முணுமுணுத்தார். அக்கா போனில் என்னிடம் சொன்னாள், "மேமலைக்கு ஏற முடியலடி, நெஞ்சு படபடங்குது." ரிப்போர்ட் நல்லாருக்கே அக்கா, தூக்கம் பத்தாது, நேரத்துக்குச் சாப்பிடு என்று சொன்னேன். நான் அப்படிச் சொல்லும்போது அவள் அதே அறையில், எதிர்க் கட்டிலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அப்போதாவது ஒரு வார்த்தை! வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாள்?

வெயில் காலத்தில் ஒரு நாள் அக்கா நிரைக்கு நடுவில் அப்படியே சரிந்து விழுந்துவிட்டாள். படங்கில் தூக்கிப் போட்டுக் கீழே கொண்டுவந்து, கொழுந்து லொறியில் ஏற்றி, அந்தக் குண்டும் குழியுமான ரோட்டில் இறக்கி, கடைசியில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். டொக்டர் அக்காவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. இவ்வளவு ரத்தம் குறையும் வரைக்கும் வீட்டில் என்ன பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று எங்களைத் திட்டினார். இதயம் களைத்துப் போயிருக்கிறது, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஆள் கிடைத்திருக்காது என்றார். "இல்ல டொக்டர், நாங்க பாத்தோம், நல்லா இருந்துச்சு" என்று உளறினேன். அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

வராந்தாவில் நின்று சேருக்குப் போன் பண்ணிக் கத்தினேன். உங்கள் பழைய மருந்தால்தான் என் அக்கா செத்துப் பிழைத்திருக்கிறாள் என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். பாவம், அந்த மனுஷன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அவள் என் பக்கத்திலேயே கஞ்சி ஃபிளாஸ்கோடு நின்றாள். என் முதுகைத் தடவி, "விடுடி, விடுடி" என்றாள்.

யாரோ முகம் தெரியாதவர்கள் கொடுத்த ரத்தம் ஏறி, அக்காவுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. அன்று அவள், என் கூட்டாளி, தன் வீட்டுக்குப் போயிருந்தாள். நான் மட்டும்தான் கட்டிலருகில். இனி ஈரலும் கீரையும் நன்றாகச் சாப்பிட வேண்டும் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார். அக்கா மெல்லச் சிரித்தாள்.

"தீபாவளிக்கு அவ கொண்டாந்தாளே, அந்த மாதிரி ஈரல் இனி எங்கடி கெடைக்கும்? கருங்கல்லு மாதிரி உறஞ்சு போயிருந்துச்சு. வெட்டக் கத்தி எறங்கல."

"எங்க வெச்சிருந்தா அத?" என்று சும்மாதான் கேட்டேன்.

"ஒங்க ஆப்பீசு ஃப்ரீசர் பெட்டியிலதான். கடைக்காரம்மா வீட்டுல வெக்க முடியாதில்ல. ஒங்கிட்டச் சொல்லாதீங்கன்னா, நீ திட்டுவியாம். ஏதோ ஒரு டப்பாவ எடுத்து மேச மேல வெச்சுட்டுத்தான் எடம் பண்ணினாளாம். கெட்டிக்காரி!"

அக்கா அதை ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னாள். எங்கள் ஃப்ரீசரில் இருந்தது ஒரே ஒரு டப்பா, நாங்கள் புரதக் குழாய்களை அடுக்கி வைத்த டப்பா.

மறுநாள் அவள் வந்ததும் ஆஸ்பத்திரிப் படிக்கட்டுக்குக் கூட்டிப்போனேன். "டப்பாவ எவ்வளவு நேரம் வெளிய வெச்ச?" என்று மட்டும் கேட்டேன். அவள் நடிக்கவில்லை. அதுவரைக்கும் நடித்தது போதும் என்று நினைத்தாளோ என்னவோ, படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"சாயந்தரம் எடுத்தேன். கொஞ்ச நேரத்துல ஐஸ் பெட்டிக்கு மாத்தலாம்னு நெனச்சேன். அண்ணன் கூப்பிட்டுச்சு, போயிட்டேன். மறந்தே போச்சு. விடிஞ்சு வந்து பாத்தா எல்லாம் தண்ணியா இருந்துச்சு. திரும்ப உள்ள வெச்சேன்."

"நான் கேட்டப்ப?"

"சேர் என்னை நிப்பாட்டிருவாரு. ஃப்ரீசர்ல இறைச்சி வெச்சான்னு ஊரே சிரிக்கும். தோட்டத்துப் புள்ளைங்களுக்கு வேல குடுத்தா இப்படித்தான்னு பேசுவாங்க. பயந்துட்டேன்டி."

"மாரியாத்தா மேல சத்தியம் பண்ணின."

அவள் அழ ஆரம்பித்தாள். "ஈரல் ஒங்க அக்காவுக்காகத்தான வெச்சேன்."

அந்த வார்த்தைதான் எனக்குத் தாங்கவில்லை. "அடிப்பாவி! அந்த ஈரலத் தூக்கி நாய்க்குப் போட்டுட்டு வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா எங்க அக்கா மாத்திரையாவது முழுங்கியிருப்பா. ரத்தம் சூப்பர்னு மைக் இல்லாம கத்தினியே, ஒனக்கு நாக்கு கூசலையா? அவ கையால எத்தன தடவ தின்ன? இனி என் மூஞ்சியில முழிக்காத" என்றேன். படிக்கட்டில் போனவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும். அவளுடைய கஞ்சி ஃபிளாஸ்கை அவள் மடியிலேயே வைத்துவிட்டு நான் மேலே ஏறி வந்தேன்.

சேரிடம் நானே போய்ச் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். புதிதாக ஒரு குப்பி வரவழைத்தார். மிச்சம் வைத்திருந்த ரத்தத்தை மறுபடி சோதித்தோம். இந்தத் தடவை படிக்கல் பக்கத்துக் குழிகள் பளிச்சென்று மஞ்சளாயின. நல்லாருக்கு என்று கைதட்டு வாங்கிய எத்தனையோ பேருக்கு நல்லா இல்லை. பெரட்டுக் களத்தில் இந்தத் தடவை நான்தான் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. "அப்ப அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அவள் வரவில்லை. வேலையை விட்டுவிட்டு, பெரகல சந்தியில் ஒரு பார்மசியில் சேர்ந்துவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். மருந்துக் கடையில்! எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன.

அடுத்த தீபாவளிக்கு வீட்டுக்குப் போனேன். அக்கா தேறியிருந்தாள். மலை வேலையை விட்டு, பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு மாற்றியிருந்தார்கள். வாசலில் தெரிந்த செருப்பு ஒன்று கிடந்தது. நடந்து நடந்து ஒரு பக்கம் தேய்ந்த அந்த ஹீலை எங்கே கண்டாலும் எனக்குத் தெரியும். உள்ளே போனேன். அடுப்படியில் அவள் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் ஈரல் வேகும் வாசம்.

"இவ இங்க என்ன பண்றா?"

"ஏன், வெங்காயம் உரிக்கிறா" என்றாள் அக்கா.

"ஒன்னைக் கொல்லப் பாத்தவளக் கூப்பிட்டு வெச்சு விருந்தா போடுற? ஒனக்கு ரோசமே இல்லையா? நான் யாருக்காகச் சண்ட போட்டேன்?"

அக்கா கரண்டியைச் சட்டியின் விளிம்பில் வைத்தாள். "கத்தாத. அவ எதுக்குப் பயந்தா, எதுக்கு மறச்சான்னு எனக்குத் தெரியும். காலப் புடிச்சுக்கிட்டு அழுதா. நானும் வைய வேண்டியத வஞ்சிட்டேன். அது அவளுக்கும் எனக்கும் முடிஞ்சு போச்சு."

"எனக்கு முடியல."

"ஒனக்கு எப்படி முடியும்?" என்றாள் அக்கா. குரல் உயரவில்லை. "மூச்சு வாங்குது, நெஞ்சு படபடங்குதுன்னு நான் யாருகிட்டடி சொன்னேன்? அவகிட்டயா சொன்னேன்? ஒங்கிட்டத்தான சொன்னேன். நான் பச்சரிசி தின்னத நீ பாக்கலயா? ஒன்னத் தூக்கி வளத்தவ சொல்றத விட்டுட்டு, யாரோடதும் இல்லாத ஒண்ண வெச்சு அளந்து பாத்துட்டு, அக்கா பொய் சொல்றான்னு நெனச்சிட்ட."

அவள் தலை நிமிரவில்லை. வெங்காயத் தோலை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டே இருந்தாள்.

"நெனைக்கல அக்கா" என்றேன்.

"நெனச்ச" என்றாள் அக்கா. எனக்கும் ஒரு தட்டை எடுத்துக் கழுவி வைத்தாள்.